நம்ம ஊர் டீம் எங்கே போச்சு?



ஒரு கேள்வி. தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட் போட்டியில் முதன்முதலில் கோப்பை வாங்கிய அணி எது? சேப்பாக்கம் என்பீர்கள். சிலர் திண்டுக்கல், கோவை என்பீர்கள். மூன்றும் தவறு. நம்ம தூத்துக்குடிதான்! அணியின் பெயர் 'டூட்டி பேட்ரியாட்ஸ்'. ஆனால் இன்று டி.வி.யில் தேடினாலும் அந்தப் பெயர் வராது. அது எங்கே போச்சு, ஏன் போச்சு என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

அந்தக் கோப்பை வாங்கியபோது நமக்கெல்லாம் ஐந்து வயசுகூட ஒழுங்கா ஆகியிருக்காது. எனக்கு இந்த விஷயம் தெரிந்தது பெரியவர்கள் பேச்சில்தான். நம்ம கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஐ.பி.எல். நடப்பதும் பெரும்பாலும் அதே நாட்களில்தான். கரையில் உட்கார்ந்து வலையைச் சரி பண்ணிக்கொண்டே கிரிக்கெட் பேசுவார்கள். பேச்சு ஐ.பி.எல்.லில் தொடங்கும், கடைசியில் நம்ம டீமில் வந்து நிற்கும். சித்தப்பாவும் மாமாவும் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும்.

முதல் வருஷம்

2016, 2017 இரண்டு வருஷமும் சென்னை சூப்பர் கிங்ஸ் தடை காரணமாக ஐ.பி.எல்.லில் ஆடவில்லை. அந்த நேரத்தில், 2016 ஆகஸ்டில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டி.என்.பி.எல்.லைத் தொடங்கியது. மொத்தம் எட்டு அணிகள். அதில் ஒன்றுக்கு நம்ம ஊர்ப் பெயர். 'டூட்டி' என்பது தூத்துக்குடிக்கு ஆங்கிலத்தில் சொல்கிற டூட்டிகோரின் என்பதன் சுருக்கம். 'பேட்ரியாட்ஸ்' என்றால் தேசபக்தர்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

2016 செப்டம்பர் 18, சேப்பாக்கம் மைதானத்தில் இறுதிப்போட்டி. எதிரணி சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸ். அதாவது அவங்க வாசலிலேயே போய் நின்னோம்! நம்ம அணி 20 ஓவரில் 2 விக்கெட் மட்டும் இழந்து 215 ரன். சேப்பாக்கம் 93 ரன்னுக்கு ஆல் அவுட். 122 ரன் வித்தியாசத்தில் வெற்றி. இருபது ஓவர் ஆட்டத்தில் இது சாதாரண வித்தியாசம் இல்லை. எதிரணி எடுத்த மொத்த ரன்னைவிட வித்தியாசம் பெரிசு!

சித்தப்பா இதைச் சொன்னால் மாமா விடமாட்டார். "மச்சான், அடுத்த வருஷத்தையும் சேர்த்துச் சொல்லும்" என்பார். 2017-லும் அதே இரண்டு அணிகள்தான் இறுதிக்கு வந்தன. அந்த முறை சேப்பாக்கம் 6 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்துப் பழி தீர்த்துக்கொண்டது.

மறக்க முடியாத ஓவர்

ஜெயித்ததை மட்டும்தான் ரசிகர்கள் பேசுவார்கள் என்று நினைக்காதீர்கள். நமக்கு எதிராகப் போட்ட ஒரு ஓவரைத்தான் மாமா அதிகம் பேசுவார்.

2016-இல் திண்டுக்கல் டிராகன்ஸுடன் ஆடிய ஒரு மேட்ச் சமன் ஆகி சூப்பர் ஓவருக்குப் போனது. இரண்டு அணியும் ஒரே ரன் எடுத்தால் ஆளுக்கு ஒரு ஓவர் கூடுதலாக ஆடி முடிவு செய்வதுதான் சூப்பர் ஓவர். நம்ம பக்கம் பேட் பிடித்தவர் அபினவ் முகுந்த். பந்து போட்டவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி.நடராஜன். ஆறு பந்தும் யார்க்கர்! யார்க்கர் என்றால் பந்து பேட்ஸ்மேன் கால் பக்கத்தில் போய் விழும். தூக்கி அடிக்க இடமே கிடைக்காது. ஒரு பந்து அப்படிப் போடுவதே கஷ்டம். அதன் பிறகுதான் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

நம்ம டீமிலும் ஒரு பையன் இருந்தார். வாஷிங்டன் சுந்தர். 2017 டி.என்.பி.எல். நடந்தபோது அவருக்கு 17 வயசுதான். அந்த சீசனில் 459 ரன்னும் அடித்து 15 விக்கெட்டும் எடுத்து தொடர் நாயகன் விருது வாங்கினார். அதே வருஷம் டிசம்பரில் இந்திய அணிக்குள் போய்விட்டார்.

இனிமேல்தான் அழகு. 2021 ஜனவரி 15, ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் டெஸ்ட். சுந்தரும் நடராஜனும் ஒரே நாளில் டெஸ்ட் அறிமுகம்! முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட். சுந்தர் 62 ரன்னும் அடித்தார். 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா தோற்றதே இல்லை. இந்தியா தோற்கடித்தது. டி.என்.பி.எல்.லில் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு பேர் அங்கே ஒரே சட்டை போட்டு ஆடினார்கள். மாவட்டங்களில் இருக்கும் ஆட்களை வெளியே கொண்டுவரத்தான் இந்தப் போட்டி தொடங்கினார்கள். அது நடந்துவிட்டது.

ஆனால் அதே 2021-இல் டி.என்.பி.எல். தொடங்கியபோது பட்டியலில் தூத்துக்குடி இல்லை. அந்த இடத்தில் 'சேலம் ஸ்பார்ட்டன்ஸ்' என்று இருந்தது. நம்ம டீம்தான் ஊரும் பேரும் மாறி அப்படி ஆகியிருந்தது.

ஒரு டீம் எப்படி ஊர் மாறும்?

பள்ளி அணி என்றால் ஊர் மாறாது. லீக் அணி வேறு மாதிரி. கிரிக்கெட் சங்கத்திடம் பணம் கட்டி ஒருவர் அணி நடத்தும் உரிமை வாங்குகிறார். ஊர்ப் பெயர் அதற்கு வைக்கிற பெயர்தான். நம்ம பாஷையில் சொன்னால், படகு மாதிரி. படகில் நம்ம ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். நாம்தான் கைதட்டி கடலுக்கு அனுப்புவோம். ஆனால் படகு யாருடையதோ அவர் அதை எந்தத் துறையில் வேண்டுமானாலும் கட்டலாம், பெயரையும் மாற்றி எழுதலாம்.

நமக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. திருவள்ளூர் வீரன்ஸ் காஞ்சி வீரன்ஸ் ஆகி, 2021-இல் நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது.

வெளிநாட்டிலும் இதே கதை உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் என்ற விளையாட்டு நம்ம ஊர் கிரிக்கெட் மாதிரி. நியூயார்க்கில் புரூக்ளின் என்ற பகுதிக்கு 'டாட்ஜர்ஸ்' என்று ஒரு அணி இருந்தது. டாட்ஜர்ஸ் என்றால் விலகி ஓடுபவர்கள். அந்தப் பகுதியில் டிராம் வண்டிகள் அதிகம், ஜனங்கள் அதில் இடிபடாமல் விலகி ஓடுவார்கள், அதனால் அந்தப் பெயர். பக்கத்து யாங்கீஸ் அணியிடம் ஐந்து முறை இறுதிச் சுற்றில் தோற்று, 1955-இல் அதே யாங்கீஸை ஜெயித்து முதல் கோப்பை வாங்கினார்கள். இரண்டே வருஷம். உரிமையாளர் புது மைதானம் கேட்டார், எந்த இடம் என்பதில் ஒத்துவரவில்லை. 1957 சீசன் முடிந்ததும் அணி நாட்டின் அடுத்த கோடியில் இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. பழைய மைதானத்தை 1960-இல் இடித்து வீடு கட்டிவிட்டார்கள். டிராமுக்கு வைத்த பெயர் மட்டும் அணியோடு போய் இன்றும் இருக்கிறது.

புரூக்ளின் கதையில் முக்கியமான வார்த்தை 'மைதானம்'. நம்ம கதையிலும் அதுதான். தூத்துக்குடி பெயரில் அணி இருந்த காலத்தில் தூத்துக்குடியில் ஒரு டி.என்.பி.எல். மேட்ச்கூட நடக்கவில்லை. சென்னையில் நடந்தது, திண்டுக்கல் பக்கம் நத்தத்தில் நடந்தது, திருநெல்வேலி பக்கம் சங்கர் நகரில் நடந்தது. நம்ம ஆட்கள் நேரில் பார்க்கணும் என்றால் திருநெல்வேலி பஸ் ஏறணும். சேலத்துக்கு வாழப்பாடியில் ஒரு மைதானம் இருக்கிறது. 2022 முதல் அங்கே டி.என்.பி.எல். மேட்ச் நடந்திருக்கிறது. சேலம்காரர்கள் சொந்த ஊரில் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் மேல் நமக்குக் கோபம் வேண்டாம். நடராஜன் ஊர்க்காரர்கள்தானே!

மைதானம் இருந்தால் என்ன ஆகும்?

பதில் நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. கோவில்பட்டியில் ஹாக்கிக்கு செயற்கைப் புல் மைதானமும் பயிற்சி விடுதியும் இருக்கின்றன. 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய ஹாக்கி அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் இருந்தார். கோவில்பட்டியில் பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தியும் இருந்தார். கோவில்பட்டிக்கு எந்த லீக் பெயரும் தேவைப்படவில்லை. மண் இருந்தது, ஆள் வந்தது.

பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2024 டிசம்பரில் நடந்த பெண்கள் ஐ.பி.எல். ஏலத்தில் தமிழ்நாட்டின் ஜி.கமலினியை மும்பை அணி 1 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தது. அவருக்கு அப்போது 16 வயசு. எங்க தெருவில் காலி இடத்தில் பையன்கள் ஆடுவார்கள், நாங்கள் ஓரத்தில் நின்று பந்து எடுத்துப் போடுவோம். பேட் பிடிக்க இடம் கிடைத்தால்தானே யாருக்கு என்ன வரும் என்று தெரியும்?

ஆகவே நண்பர்களே, டீம் வரும், போகும். மைதானத்தை யாரும் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நம்ம பெரியவர்கள் கிராம சபையில் தெருவிளக்கு, தண்ணீர் கேட்கும்போது, ஆண் பெண் இருவரும் ஆட ஒரு மட்டமான இடமும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: 2016 கோப்பையும் நம்ம ஊரை விட்டுப் போகாது. உங்கள் வீட்டில் அந்த இறுதிப்போட்டியை நேரில் பார்த்தவரோ டி.வி.யில் பார்த்தவரோ இருந்தால், அவர்கள் சொல்வதை நாலு வரி எழுதித் தாருங்கள். அடுத்த மாத இதழில் ஒட்டுவோம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி