வெண்பனியின் முதல் நாளும் மறுநாளும்

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் சென்றால் வரும் கும்மிடிப்பூண்டியில், சிப்காட் வளாகத்து இரும்பாலைகளின் அனலும் சித்திரை வைகாசி வெயிலும் ஒன்றோடொன்று போட்டியிடும் அந்தப் பிரதேசத்தில், வெண்பனியைப் பற்றி விஸ்தாரமாகப் பேசக்கூடிய ஜனங்கள் வசிக்கிறார்கள் என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். 1983 கலவரத்துக்குப் பின்னரும், 1990-இல் யுத்தம் மீண்டும் மூண்ட பின்னரும் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களுக்கென்று ஏற்பட்ட முகாம்களுள் பெரியவற்றில் ஒன்று இங்கே இருக்கிறது. பெயிண்ட் அடிக்கும் கூலி வேலையிலும் ஆலை வேலையிலும் ஜீவனம் நடத்தும் அக்குடும்பங்கள் பலவற்றுக்கு டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ ஓர் உடன்பிறப்பு உண்டு; முன்னாளில் கடிதத்தோடு மடித்து வைத்த புகைப்படமாக வந்த பனி, இந்நாளில் கைபேசித் திரையில், “அக்கா, இஞ்ச ஸ்னோ கொட்டுது, பாருங்கோ” என்ற குரலோடு நேராகவே வந்துவிடுகிறது.

அவ்வாறு வரும் படங்களில் ஒரு விசேஷம் உண்டு. புதிதாக வாங்கிய தடித்த கோட்டு, வெளுத்த தரை, கையில் ஒரு பிடி பனி, முகத்தில் குழந்தைச் சிரிப்பு, இவ்வளவுதான். அவை பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் நாளின் சமாசாரத்தை மட்டும் சொல்லிவிட்டு, மறுநாளைப் பற்றி மௌனம் சாதிக்கின்றன.

நம்மவர்க்குப் பழக்கமான ஆலங்கட்டி, கோடை இடிமழையில் கல்லெனத் தலையில் விழுவது. வெண்பனியின் பிறப்பே வேறு. மேகத்திலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சென்ற பின்னும் உடனே உறைந்துவிடுவதில்லை. ஏதேனும் ஒரு தூசியைப் பற்றிக்கொண்டு ஒரு துளி உறைந்ததும், சுற்றியுள்ள நீராவி அதன்மேல் நேரே படிந்து படிந்து, ஆறு முனைகளுள்ள பளிங்காக வளர்கிறது. அது ஏன் ஆறாக இருக்க வேண்டும் என்று 1611-ஆம் ஆண்டிலேயே வானியல் மேதை கெப்ளர் ஒரு சிறு நூல் எழுதி ஆராய்ந்தார். உறையும்போது தண்ணீரின் மூலக்கூறுகள் அறுகோணமாகவே அடுக்கப்படுகின்றன என்னும் விடை கிடைக்க மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன. 1936-இல் ஜப்பானின் ஹொக்கைடோ சர்வகலாசாலையில் நகாயா உகிசிரோ என்பவர் பரிசோதனைச் சாலையிலேயே ஒரு பனிப் பளிங்கை வளர்த்துக் காட்டினார். பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியை ஒட்டியே கிளை விரிக்கும் நட்சத்திர வடிவங்கள் உருவாகின்றன. கறுத்த கம்பளிக் கையுறையை நீட்டினால் அந்த நட்சத்திரத்தின் ஆறு கிளைகளும் அவற்றின் உபகிளைகளும் வெறுங்கண்ணுக்கே புலப்படும். மூச்சுக் காற்று பட்டதும் கணத்தில் சுருங்கி ஒரு துளி ஜலமாகிவிடும்.

வெப்ப தேசத்திலிருந்து சென்றவர்களைத் திகைக்க வைப்பது அதன் நிசப்தம். மழை என்றால் கூரையில் ஓசையும் தெருவில் சலசலப்பும் உண்டு என்று பழகிய செவிக்கு, ஓர் ஊரே வெளுக்கும்படி கொட்டியும் சப்தமே எழாதது அமானுஷ்யமாகத் தோன்றும். புதுப்பனியில் பெரும்பகுதி காற்றாகையால், இலவம்பஞ்சு மெத்தையைப்போல அது சுற்றுப்புறத்து ஓசைகளையும் உறிஞ்சிவிடுகிறது.

குளிரோ அந்த முதல் நாளில் அவ்வளவாக இராது. கனத்த பனி கொட்டும் வேளையில் உஷ்ணநிலை பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேதான் நிற்கும். மேகப்போர்வை பூமியின் வெப்பத்தை மேலே போகவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். “இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள்!” என்று சாதாரணச் சப்பாத்தோடு புதியவர் தெருவில் இறங்குவது இந்த நேரத்தில்தான். மேகம் கலைந்து வானம் நிர்மலமானதும், வெளுத்த தரை பகல் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, இரவில் தன்னிடமுள்ள சொற்ப வெப்பத்தையும் வானத்துக்குத் தாரை வார்த்துவிடுகிறது. கண் கூசும் வெயிலோடு விடியும் அந்த மறுநாளே மூக்கு நுனியும் காது மடலும் மரத்துப்போகும் நாள். பகலில் சற்று உருகிய நீர், இரவில் தார்ச்சாலைமேல் கண்ணாடித் தகடாக உறைந்து, தார் நிறமே தெரியும்படி ஏமாற்றும். அனுபவசாலிகள் அடியைச் சிறிதாக எடுத்து, பாதம் முழுவதையும் ஊன்றி நடப்பார்கள். உப்புக் கலந்த நீர் பூஜ்யத்துக்குக் கீழேயும் உறைவதில்லையாதலால் நகரசபை லாரிகள் தெருவெல்லாம் உப்பை இறைக்கும். ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் உப்பை அளந்து போட்ட நமக்கு அந்தத் தாராளம் ஊதாரித்தனமாகவே படும்.

படங்கள் சொல்லாத அந்த மறுநாளை வாழ்ந்து பார்த்தவர்கள் நம்மவரில் உண்டு. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோணி ராஜேந்திரம் 1956-இல் நார்வேக்குச் சென்றார்; அந்நாட்டுத் தமிழர் குடியேற்றத்தின் சரித்திரம் அவரிடமிருந்துதான் ஆரம்பமாகிறது. 1980-களில் யுத்தத்துக்கு அஞ்சிப் புறப்பட்ட வாலிபர்கள் பலர், அந்நாட்டின் வடகோடியான ஃபின்மார்க்கில், உள்ளூர் இளைஞர் நாடாத மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். அப்பிரதேசத்து ஹாமர்ஃபெஸ்ட் நகரில் நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை சூரியன் உதயமாவதே இல்லை. வெளியே உறைபனி, உள்ளே ஈரத்தரையும் குளிர்ந்த மீனும் கத்தியும். வேலை முடிந்து வெளியே வந்தால் மீண்டும் இருட்டு. இந்தக் காட்சியை எவரும் படம் பிடித்து ஊருக்கு அனுப்பியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

பனிக்குப் பழகிய தேசங்களும் சில சமயம் தடுமாறுவதுண்டு. ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் அதற்குள் குடியேறிவிட்டிருந்த டொராண்டோவில், 1999 ஜனவரியில் அடுத்தடுத்து வந்த புயல்கள் சில வாரங்களுக்குள் ஒரு மீட்டருக்கு மேல் பனியைக் கொட்டிவிட, மேயர் மெல் லாஸ்ட்மன் அதை அப்புறப்படுத்த ராணுவத்தின் உதவியை நாடினார். வாசலில் மண்வாரியோடு நின்றிருந்த புதிய குடிகளும் பழைய குடிகளும் சிப்பாய்களின் வாகனங்களை ஒருசேர வேடிக்கை பார்த்தார்கள். பனி அள்ளப் பட்டாளத்தைக் கூப்பிட்ட ஊர் என்று கனடாவின் மற்றைய நகரத்தார் டொராண்டோக்காரர்களை இன்றைக்கும் பரிகாசம் செய்கிறார்கள்.