வென்றோம் என்று இருந்துவிடலாமா?

மயிலாப்பூரில் வாழும் ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். வேலை முடிந்து அடையாற்றிலிருந்து திரும்புகையில் லாரி மோதிக் குடும்பத் தலைவர் உயிரிழந்தார். இழப்பீடு கேட்டு அவருடைய மனைவி, சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் இயங்கும் விபத்துத் தீர்ப்பாயத்தை நாடினார். கேட்டது 20 இலட்சம் ரூபாய். சில ஆண்டுகள் அலைந்தபின் கிடைத்த தீர்ப்போ 12 இலட்சத்திற்கு. “வந்தவரை போதும், இனி நீதிமன்றப் படி ஏற வேண்டாம்” என்று அந்த அம்மையார் மனத்தைத் தேற்றிக்கொண்டார். சில மாதங்களில் தபாற்காரர் ஓர் உறையைக் கொண்டுவந்து தந்தார். 12 இலட்சமே மிகுதி என்று கூறிக் காப்பீட்டு நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருந்தது!

இது கற்பனைக் குடும்பமே. ஆயினும் இத்தகைய உறை எத்தனையோ இல்லங்களுக்கு வருகின்றது. உடனே வக்கீலை அமர்த்தி, “தீர்ப்புச் சரியே என்று வாதாடுங்கள்” எனச் சொல்வதோடு பலர் நின்றுவிடுகின்றனர். இங்கேதான் தவறு நேர்கின்றது. பெற்ற தீர்ப்பைக் காத்துக்கொள்வது வேறு. அதில் விடுபட்டதைக் கேட்டுப் பெறுவது வேறு.

இரு வழிகள்

விடுபட்டதைக் கேட்கச் சட்டம் இரு வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றது. முதலாவது, நாமும் தனியே மேல்முறையீடு செய்வது. ஒரே தீர்ப்பை எதிர்த்து இரு தரப்பாரும் இவ்வாறு செல்லும்போது அதனை எதிர் மேல்முறையீடு என்பர். விபத்து வழக்கில் இதற்குரிய காலம் தீர்ப்பு நாளிலிருந்து 90 நாட்கள்.

அந்நாட்கள் கழிந்துவிட்டால்? அதற்கென உள்ளது இரண்டாவது வழியாகிய குறுக்கு ஆட்சேபணை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 41, விதி 22 இதனை வகுத்துள்ளது. மேல்முறையீட்டு விசாரணை குறித்த அறிவிப்பு நமக்கோ நம் வக்கீலுக்கோ சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் இதனைத் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணமிருப்பின் நீதிமன்றம் மேலும் அவகாசம் அளிக்கலாம். மற்றொரு நன்மையும் உண்டு. எதிர்த்தரப்பார் தம் மேல்முறையீட்டைப் பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டாலும், நமது ஆட்சேபணை அதனோடு மடிந்துவிடாது. அது தனியே விசாரிக்கப்படும்.

வாளாவிருந்ததன் விளைவு

2003-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்த்த பனார்சி எதிர் ராம் பால் வழக்கு இதற்கு நல்ல பாடம். நிலத்தைத் தமக்குக் கிரயம் செய்துதர வேண்டுமென்று ராம் பால் வழக்கிட்டார். பணத்தைத் திருப்பித் தரவேண்டும், குறித்த காலத்தில் தராவிடில் மட்டுமே கிரயம் என்று விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பனார்சி மேல்முறையீடு செய்தார். ராம் பால் எதையும் தாக்கல் செய்யவில்லை. ஆயினும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு நிலத்தையே வழங்கிற்று. உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. உச்சநீதிமன்றமோ, கேளாதவருக்குக் கூடுதலாக அளித்தது முறையன்று என்று அதனை நீக்கி, முதல் தீர்ப்பையே நிலைநிறுத்தியது.

விபத்து வழக்குகளிலும் இதே நெறிதான். 2011-இல் ரஞ்சனா பிரகாஷ் வழக்கில், ஆட்சேபணை தாக்கல் செய்யாதவர் தாம் பெற்ற தொகை குறையாதபடி புதிய காரணங்களைக் காட்டி வாதிடலாம், ஆனால் அதற்கு மேல் கேட்க இயலாது என்று உச்சநீதிமன்றம் விளக்கியது. பின்னர் 2020-இல், சுரேகா வழக்கில், நியாயமான இழப்பீட்டை இக்காரணம் பற்றி மறுக்கலாகாது என்று அதே நீதிமன்றம் பரிவு காட்டியதும் உண்மை. எனினும் நீதிபதியின் பரிவை நம்பி நம் கடமையைத் தள்ளிப்போடுவது அறிவுடைமை ஆகாது.

செய்யத் தக்கவை

தீர்ப்பு வந்தவுடன் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். எந்தெந்த இனத்தில் எவ்வளவு குறைந்தது என்பதை வக்கீலுடன் அமர்ந்து கணக்கிடுங்கள். நீதிமன்ற உறை வந்தால், கையொப்பமிட்ட நாளை அதன் மேலேயே குறித்து வையுங்கள். குறுக்கு ஆட்சேபணை தேவையா என்று அந்த வாரமே கேளுங்கள்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, பெண்கள் வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வழி கேட்டறியலாம். சமரசமே நலமெனத் தோன்றினால், உயர்நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையமும் இயங்கி வருகின்றது. ஆங்கும் ஆட்சேபணையைத் தாக்கல் செய்துவிட்டுச் செல்பவரின் சொல்லுக்கே வலிமை மிகுதி.

கணவனை இழந்த தாய் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் பிள்ளைகளின் படிப்பும் உணவுமாகும். அதனைக் கேட்பது பேராசை அன்று. கேட்க வேண்டிய காலத்தில் கேளாதிருப்பதே அப்பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் குறை.