பாதம் வைத்த எழுத்து

போன மாதம் சுற்றுச்சூழல் ப்ராஜெக்ட் பிரின்ட் எடுக்க நாங்கள் நாலு பேர் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தோம். அழகாக இருக்கே என்று வெர்டானா என்ற எழுத்தில், 12 சைஸில் டைப் செய்திருந்தோம். 31 பக்கம் வந்தது. பக்கத்துக்கு 3 ரூபாய், நாலு காப்பி, மொத்தம் 372 ரூபாய். எங்கள் கையில் இருந்ததோ முந்நூறுதான். ஆளாளுக்கு முழித்துக்கொண்டு நின்றோம்.

கடை அண்ணன், "இருங்கடா தம்பி" என்று எல்லாவற்றையும் செலக்ட் செய்து எழுத்தை மட்டும் மாற்றினார். அதே 12 சைஸ்தான். ஒரு வரிகூட வெட்டலை. 24 பக்கமாகக் குறைந்துவிட்டது! 288 ரூபாயில் வேலை முடிந்து, மீதி 12 ரூபாய்க்குக் கடலை மிட்டாய் வாங்கினோம். அந்த எழுத்தின் பெயர் டைம்ஸ் நியூ ரோமன்.

சைஸ் ஒன்றுதானே, அப்புறம் ஏழு பக்கம் எங்கே போச்சு? இதைத்தான் நான் தேடிப் படித்தேன்.

முதலில் சைஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஈயக் கலவையில் வார்த்த ஒரு குட்டிக் கட்டை. அந்தக் கட்டையின் முகம் மேலிருந்து கீழாக எவ்வளவு என்பதுதான் சைஸ். 72 பாயின்ட் சேர்ந்தால் ஒரு அங்குலம். அப்படியானால் 12 என்பது அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. இதில் அகலத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது! எழுத்து ஒல்லியா குண்டா என்பது வரைந்தவர் விருப்பம். வெர்டானா குண்டு. டைம்ஸ் ஒல்லி. அவ்வளவுதான் விஷயம்.

ஏன் ஒல்லியாக வரைந்தார்கள்? அதற்கு லண்டன் போகணும். அங்கே 'தி டைம்ஸ்' என்ற பழைய நாளிதழ் இருக்கிறது. 1929-ல் ஸ்டான்லி மாரிசன் என்பவர், உங்கள் பத்திரிகையின் அச்சு நன்றாக இல்லை என்று அவர்களிடமே குறை சொன்னார். இவர் மோனோடைப் என்ற அச்சு எந்திரக் கம்பெனியின் ஆலோசகர். டைம்ஸ்காரர்கள் கோபப்படாமல், அப்படியானால் நீங்களே ஒரு நல்ல எழுத்து செய்து கொடுங்கள் என்று அவரையே கூப்பிட்டுவிட்டார்கள். மாரிசனுக்கு வரைய வராது. அவர் சொல்லச் சொல்ல வரைந்தவர், அதே பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த விக்டர் லார்டென்ட். 1932 அக்டோபர் 3-ஆம் தேதி பத்திரிகை புது எழுத்தில் வந்தது. புகழ் முழுக்க மாரிசனுக்குத்தான் போனது. (நம் சுவரிதழிலும் கட்டுரை எழுதுபவன் பெயர் வரும், படம் வரைபவன் பெயர் வராது. இந்த முறை நான் கீழே போட்டிருக்கிறேன், பாருங்கள்.)

செய்தித்தாளில் பத்தி குறுகலாக இருக்கும். எழுத்து அகலமாக இருந்தால் வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் பக்கவாட்டில் இறுக்கினார்கள். ஆனால் சும்மா இறுக்கினால் படிக்க முடியாதே! அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'ஏ', 'ஈ', 'ஓ' போன்றவற்றின் உடம்பைக் கொஞ்சம் உயரமாக்கி, 'பி', 'டி' போன்றவற்றின் மேல்கொம்பையும் கீழ்வாலையும் குட்டையாக்கிவிட்டார்கள். அதனால் வரிகளை நெருக்கி அடுக்கினாலும் எழுத்து பெரியதாகவே தெரியும்.

இன்னொரு அடையாளம், கோடு முடியும் இடத்தில் இருக்கும் சின்னப் பாதம். இதற்குப் பெயர் செரிஃப். ரோமானியர்கள் கல்லில் வெட்டிய எழுத்திலேயே இது உண்டு. இந்தத் தாளின் மூலையில் 'டைம்ஸ்' என்பதை ஆங்கிலத்தில் பாதத்தோடு எழுத எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. இந்தப் பாதம்தான் கண்ணை வரியோடு இழுத்துப் போகிறது என்று நிறைய பேர் சொல்வார்கள். ஆனால் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் அப்படிப் பெரிய வித்தியாசம் உறுதியாகவில்லை. அழகுக்கு என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

1992-ல் விண்டோஸ் 3.1-உடன் இது கம்ப்யூட்டருக்குள் வந்தது. 2007-ல் காலிப்ரி வரும்வரை வேர்டைத் திறந்தால் முதலில் நிற்பது இதுதான். டைம்ஸ் பத்திரிகையோ 1972-லேயே வேறு எழுத்துக்கு மாறிவிட்டது!

குறையும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. குறுகிய பத்திக்குச் செய்த எழுத்தை நாம் ஏ4 தாள் முழுக்க நீட்டி அடிக்கிறோம். ஒரு வரியில் எக்கச்சக்கச் சொல் விழுந்து, கண் அடுத்த வரியைத் தேடித் தடுமாறுகிறது. எங்கள் ப்ராஜெக்டைப் பார்த்து மிஸ் "ஏம்ப்பா இப்படி நெருக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டதும் இதனால்தான். வரி இடைவெளியை ஒன்றரை ஆக்கியிருக்கலாம். ஆனால் பக்கம் கூடியிருக்கும், பணம் பத்தியிருக்காது.

அடுத்தது மெல்லிய கோடு. 'ஈ' எழுத்தின் நடுக்கோடு முடி மாதிரி இருக்கும். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் அது காணாமல் போய் 'சி' ஆகிவிடும். ஒரு இயற்பியல் நோட்ஸ் எனக்கு இப்படி மூணாவது கை காப்பியாகத்தான் கிடைத்தது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை ஒளியின் வேகம் என்று நினைத்துக் கணக்குப் போட்டு 3 மார்க் போச்சு. சிரிக்காதீங்க, அந்த நோட்ஸ் உங்களில் பல பேரிடமும் இருக்கு.

எங்கள் ப்ராஜெக்டின் முதல் பக்கத்தை இரண்டு எழுத்திலும் கீழே ஒட்டியிருக்கிறேன். இடது பக்கம் வெர்டானா, வலது பக்கம் டைம்ஸ். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஸ்கேல் இல்லாதவர்கள் 12 'அ' வகுப்பு, மூன்றாவது பெஞ்சில் வாங்கிக்கொள்ளலாம்.

எழுத்து: 12 'அ' மாணவன்
படம்: பக்கத்து பெஞ்ச் நண்பன்