கள்ளுக்கடையை மூடச் சொல்லி 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் ஏன் கேட்டார்கள்?

ஒயின் என்றதும் உங்கள் மனதில் என்ன வருகிறது? பிரான்சிலோ ஸ்பெயினிலோ ஒரு திராட்சைத் தோட்டம், அதைத் தலைமுறை தலைமுறையாக நடத்தும் ஒரு குடும்பம், நிலத்தடி அறையில் மர பீப்பாய்கள். நம் ஊர்க் கதை வேறு. கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில் இருக்கும் தெலுக் பங்லிமா காராங், அதையடுத்த கேரித் தீவு ஆகிய பக்கங்களில் வளர்ந்த உங்கள் தாத்தா, பாட்டிக்குத் தெரிந்த மலிவு ஒயின் வேறொன்று. அது தென்னங்கள்.

'பாம் ஒயின்' என்று ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயரே உண்டு. ஆனால் அந்தக் கள்ளை விற்ற கடைகளை மூட வேண்டும் என்று 1941-ல் தோட்டத் தொழிலாளர்களே கோரிக்கை வைத்தார்கள். கையில் காசு குறைவாக இருந்தவர்கள், மலிவாகக் கிடைத்த ஒன்றை ஏன் வேண்டாம் என்றார்கள்?

கள் எப்படி உருவாகிறது?

தென்னையில் பூ விரியும் முன் பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அதை நாள்தோறும் மெல்லத் தட்டி, நுனியைச் சீவி, கீழே ஒரு கலயத்தைக் கட்டிவிடுவார்கள். சொட்டும் சாறு இனிப்பாக இருக்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காது. அதுதான் பதநீர். சுண்ணாம்பு இல்லையென்றால், காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடும். சில மணி நேரத்திலேயே நுரை கட்டிக் கள்ளாகிவிடும்.

திராட்சை ஒயினிலும் இதே வேலையைத்தான் ஈஸ்ட் செய்கிறது. வித்தியாசம் இரண்டு. ஒயினில் பொதுவாக 12 முதல் 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கும், கள்ளில் 4 முதல் 6 சதவீதம்தான். ஒயினைப் போத்தலில் அடைத்து வருடக்கணக்கில் வைக்கலாம். கள்ளோ ஓரிரு நாளில் காடியாகிவிடும். அதனால் அதை வைத்திருந்து விலை ஏற்ற முடியாது, கப்பலேற்றித் தூரத்துக்கு அனுப்பவும் முடியாது. இறக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, அன்றன்றைக்கே விற்றாக வேண்டும். அது மலிவாக இருந்ததற்கும், ஒயின் குடும்பங்களைப் போல ஒரு 'கள் குடும்பம்' பெயர் வாங்காததற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

யார் விற்றார்கள்?

கதையின் முக்கியமான இடம் இதுதான். பிரிட்டிஷ் காலத்து மலாயாவில் நினைத்தவர்கள் எல்லாம் கள் இறக்கி விற்க முடியாது, அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். டவுனில் அரசாங்கக் கள்ளுக்கடைகள் இருந்தன. ரப்பர் தோட்டங்களில் நிர்வாகமே அனுமதி வாங்கிக் கடை நடத்தியது. லயத்து வீடுகளிலிருந்து நடக்கும் தூரத்தில் கடை இருக்கும். பால் வெட்டு முடிந்து வருகிறவர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

நிர்வாகங்கள் இதற்கு ஒரு நியாயம் சொன்னன. கள் வீரியம் குறைந்தது, கடையை மூடினால் தொழிலாளர்கள் திருட்டுச் சம்சுவைத் தேடிப் போவார்கள், கடை லாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்றார்கள்.

இப்போது அதே கடையைத் தொழிலாளியின் இடத்திலிருந்து பாருங்கள். கூலி கொடுப்பது தோட்டம். குடியிருக்க லயம் கொடுப்பதும் தோட்டம். உறவுக்காரர் உள்ளே வரலாமா என்று முடிவு செய்வதும் தோட்டம். மாலையில் கள் விற்பதும் அதே தோட்டம். காலையில் கொடுத்த கூலியில் ஒரு பகுதி மாலையில் அதே கைக்குத் திரும்பிவிடுகிறது. அரசாங்கத்துக்கும் வரி போகிறது. வீட்டில் அரிசிக்குப் பணம் இல்லையென்றால் அந்தச் சுமை மனைவி தலையில் விழுகிறது.

1941-ல் என்ன நடந்தது?

கள்ளுக்கடை எதிர்ப்பு மலாயாவில் திடீரென்று முளைக்கவில்லை. 1921-ல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். அந்தச் செய்திகள் கடல் தாண்டி வந்தன. 1929-ம் ஆண்டு இறுதியில் பெரியாரே மலாயாவுக்கு வந்தார்.

1941-ன் தொடக்க மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. முன்னின்று வழிநடத்தியவர் ஆர்.எச். நாதன். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் மூலம் அவர் தொழிலாளர்களை ஒன்றுசேர்த்தார். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் அந்தக் காலத்து வாழ்க்கை கண் முன்னால் வந்துவிடும். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, சரியான மருத்துவம், 10 முதல் 12 மணி நேர வேலைக்கு முடிவு, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, உறவினர் தோட்டத்துக்குள் வர அனுமதி. துரையைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்கள்.

அதே பட்டியலில் இருந்தது கள்ளுக்கடைகளை மூடும் கோரிக்கையும். கூலி, படிப்பு, மரியாதை ஆகியவற்றோடு அதையும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒழுக்கப் பிரசாரமாக மட்டும் இதைப் பார்க்க முடியாது. தங்கள் சம்பளமும் வீடும் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை அது.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். கைதுக்குப் பிறகு போராட்டம் தீவிரமானது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு ராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

போர் முடிந்தபின் கெடாவில் தொண்டர் படை என்ற இயக்கம் கள்ளுக்கடை மறியலை மீண்டும் தொடங்கியது. 1947-ல் பெடோங் வட்டாரத்தில் போலீசாருடன் ஏற்பட்ட மோதல் அங்கேயும் உயிரைப் பறித்தது.

கடைகள் போனபின் குடி குறைந்ததா?

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். காலப்போக்கில் தோட்டக் கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்த இடத்துக்கு வந்தது சம்சு. கள்ளைவிடப் பல மடங்கு வீரியமானது, சின்னப் போத்தலில் சில வெள்ளிக்குக் கிடைத்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துக் குரல் கொடுத்து வந்திருக்கிறது. அப்படின்னா அன்றைக்கு நிர்வாகங்கள் சொன்னதுதான் சரியா? பாதி சரி. கடையை மட்டும் மூடினால் குடி வேறு வழி தேடும். ஆனால் 1941-ல் தொழிலாளர்கள் கடையை மட்டும் மூடச் சொல்லவில்லையே. கூலியும் பள்ளியும் மருத்துவமும் சேர்த்துத்தான் கேட்டார்கள்.

இன்று உங்களுக்கு இது ஏன் முக்கியம்?

2017 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் மதுபானம் வாங்கும் குறைந்தபட்ச வயது 18-லிருந்து 21 ஆனது. சம்சு வகை மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறைந்த போத்தலில் விற்கக்கூடாது என்ற விதியும் அப்போதே வந்தது. பாக்கெட் காசுக்குக் கிடைக்கும் சின்னப் போத்தலை ஒழிப்பதுதான் அதன் நோக்கம்.

அடுத்த ஆண்டே, 2018 செப்டம்பரில், சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த போலி மது 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மறுபடியும் குறைந்த சம்பளக்காரர்கள், மறுபடியும் மலிவு விலை.

மெத்தனாலை வாசனையாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது முதலில் தாக்குவது பார்வை நரம்பை. அறிகுறி தெரிய 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். அதனால் 'போதை தெளியலை, தூங்கினா சரியாயிடும்' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பார்வை மங்கல், கடும் வயிற்றுவலி, வாந்தி, மூச்சுவாங்கல் இருந்தால் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். இதற்கு மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. ஆனால் நேரம் முக்கியம்.

வீட்டில் யாராவது லேபிள் இல்லாத, வரி முத்திரை இல்லாத போத்தலை 'மலிவா கிடைச்சுது' என்று கொண்டு வந்தால், அதை யார் விற்றார், ஏன் அந்த விலைக்குக் கொடுத்தார் என்று கேளுங்கள். தாத்தா, பாட்டி பக்கத்தில் இருந்தால் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: அவர்கள் தோட்டத்தில் கள்ளுக்கடை எங்கே இருந்தது, சம்பள நாளன்று அங்கே என்ன நடந்தது என்று.