வேண்டாம் என்று சொல்லும் உரிமை

திருப்பாவை உபந்யாசம் ஒன்றைக் கேட்கலாம் என்று யூடியூபைத் திறக்கும் ஒரு மூதாட்டியின் கண்ணில், அவர் நாடி வந்த விஷயம் படுவதற்கு முன்பே, ஷார்ட்ஸ் என்னும் குறுங்காணொளிகள் நெட்டையான கட்டங்களாக வரிசை கட்டி நிற்கின்றன. கைதவறி அவற்றுள் ஒன்றைத் தொட்டுவிட்டாலோ, விரலை மேலே தள்ளத் தள்ள அடுத்தது, அதற்கடுத்தது என்று அந்தப் பிரவாகத்துக்குக் கரையே தென்படுவதில்லை. முடிவின்றி உருளும் பக்க அமைப்பை 2006-இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின் என்பவரே பிற்காலத்தில் அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

குறுங்காணொளியை நான் தூஷிக்க வரவில்லை. ஒரு கீர்த்தனத்தின் சங்கதியை அரை நிமிஷத்தில் அழகாகக் காட்டிவிட முடியும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னபின் அந்த மறுப்பு நிலைத்து நிற்க வழியில்லை என்பதே என் ஆட்சேபணை. ஷார்ட்ஸ் வரிசையின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், குறைவாகக் காட்டுவதாக யூடியூப் வாக்களிக்குமே ஒழிய, இனி காட்டமாட்டேன் என்று சொல்லாது. இன்ஸ்டாகிராமில் பரிந்துரைப் பதிவுகளை நிறுத்திவைத்தால் அந்த நிறுத்தம் 30 நாளில் காலாவதியாகிவிடுகிறது. வேண்டாமென்று திருப்பியனுப்பிய சரக்கை மாதம் தவறாமல் வாசலில் கொண்டுவந்து இறக்கும் வியாபாரியை நாம் சகித்துக்கொள்வோமா? யூடியூபின் மறுப்புப் பொத்தான்களை மொஸில்லா நிறுவனம் 2022-இல் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உதவியுடன் சோதித்தபோது, விருப்பமில்லை என்ற பொத்தான் வேண்டாத பரிந்துரைகளில் சுமார் 11 சதவீதத்தையே தடுத்ததாகத் தெரியவந்தது.

நம் தேசத்துக்கு இதில் தனித் தொடர்பு உண்டு. 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்ட பிறகு, அவ்வாண்டு செப்டம்பரில் ஷார்ட்ஸ் முதன்முதலாக வெள்ளோட்டம் விடப்பட்டது இந்தியாவில்தான். 15 விநாடியில் தொடங்கிய அது, 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிஷம் வரை நீண்டுவிட்டது. நாம் திரைமுன் கழிக்கும் நேரமே விளம்பர வருமானமாக மாறுகிறபடியால், நிரந்தரமாக மூடும் ஒரு பொத்தானைத் தாமாகவே தந்துவிட அந்நிறுவனங்களுக்கு எவ்விதத் தூண்டுதலும் இல்லை. ஆகவே சட்டம்தான் பேசவேண்டும்.

ஐரோப்பாவில் அது பேசியிருக்கிறது. ஒருவரின் நடத்தையைக் கணித்துப் பரிந்துரைக்காத மாற்றுவழி ஒன்றையேனும் பெரிய தளங்கள் அளித்தாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் விதிக்கிறது; அதை ஆதாரமாகக் கொண்டு பிட்ஸ் ஆஃப் ஃப்ரீடம் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், பயனர் ஒருமுறை செய்த தேர்வு செயலியை மூடித் திறந்தாலும் மாறாதிருக்க வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2025 அக்டோபரில் இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

இந்தியச் சட்டத்தில் இதற்கு நிகரான பிரிவு இல்லை. 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஆபாசமோ ஆள்மாறாட்டமோ கண்ணில் பட்டால் தளத்தின் குறைதீர் அதிகாரியிடம் முறையிடலாம். அவருடைய முடிவு திருப்தியளிக்காவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். ஆனால் ஷார்ட்ஸே வேண்டாம் என்ற கோரிக்கைக்கு இவ்வழி உதவாது. சிறுவர்களைப் பொறுத்தவரை, 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 18 வயதுக்குட்பட்டோரின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடைசெய்யும் பிரிவு ஒன்று உண்டு. பெற்றோர் இதை அறிந்திருப்பது அவசியம்.

மறுப்பை நிலைநிறுத்தும் சட்டம் வரும்வரை கைவசமுள்ள உபாயங்கள் சில. யூடியூபில் பார்வை வரலாற்றை அழித்து, அதைப் பதிவுசெய்வதையும் நிறுத்திவிட்டால் முகப்புப் பக்கப் பரிந்துரைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். வேண்டியதைத் தேடிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்க்கு இதனால் நஷ்டமில்லை. கணினியில் பார்ப்போர், ஷார்ட்ஸை மறைக்கும் நீட்சிகளை உலாவியில் சேர்த்துக்கொள்ளலாம். செயலியின் அறிவிப்புகளையும் தயங்காமல் அணைத்துவிடுங்கள்.

தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவை 2025 ஜனவரியில் வெளியிட்டபோது, மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் பொதுமக்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது. இனி இத்தகைய வரைவு எது வெளிவந்தாலும், ஒருமுறை சொன்ன மறுப்பு நாமே மாற்றும்வரை நிலைக்கவேண்டும் என்ற ஒரே கோரிக்கையை, உங்கள் சொந்த வார்த்தைகளில், தவறாமல் எழுதி அனுப்புங்கள்.