கடுக்காயும் பழம் போர்வையும்

கல்வராயன் மலையிற் கடுக்காய் பொறுக்கும் அன்பர்கள், அச்சரக்கு தோற்சாலைக்கும் மருந்துக்கடைக்குமே போவதாகக் கருதுவர். முந்நூறு ஆண்டுகட்கு முன் அதே காயே சோழமண்டலக் கரைச் சித்திரச் சீலைகளுக்கு அடிப்படையாய் நின்றது. அச்சீலைகளுட் பல ஐரோப்பாவிற் பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகளாயின. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலை முதலிய இடங்களில் அத்தகையன இன்றும் உள.

தென்னாட்டில் வாழ்ந்த ஏசுசபைப் பாதிரியார் கேர்தூ 1742-இல் வரைந்த கடிதம் இத்தொழிலை விரித்துரைக்கிறது. சீலையை முதற்கண் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்து தோய்ப்பர். பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாது. அதன்மேல் இரும்புநீராற் கோடிட, கடுக்காயின் துவர்ப்போடு கூடிக் கறுக்கும். படிகாரம் தீட்டிய இடமோ சாயவேர் நீரிற் கொதித்துச் சிவக்கும்.

கேடும் இங்கேதான் பிறக்கிறது. சிவந்த மலர் நேற்றுத் தீட்டியதுபோல் நிற்க, அதன் கருவரம்பு மட்டும் பொடியாய் உதிர்ந்து உள்ளிருக்கும் பஞ்சு தெரியும். கருமையிலுள்ள இரும்பே நாளடைவில் பருத்தி நூலை அரித்துவிடுகிறது.

செப்பனிடும் முறை நெசவாளர்க்கு எளிதில் விளங்கும். பலமுறை அலசிக் கஞ்சியும் சுருக்கமும் போக்கிய மெல்லிய பருத்தித் துணியை, ஒத்த நிறமூட்டிச் சிதைவின் அடியிற் செலுத்துவர். சிதைந்த இழைகளின் குறுக்கே நீண்ட தையலிட்டு, அதனைச் சிறு தையல்களால் ஆங்காங்கே பிடித்து நிறுத்துவர். இயன்றவரை ஊசி பழைய துளைகளிலேயே நுழையும். தைக்கும் நூல் பழந்துணியினும் வலுக்குறைந்ததாய் இருத்தல் வேண்டும்; இழுவை நேர்ந்தால் அறுவது நூலாகவே இருக்கும், துணி பிழைக்கும். வலுவே சிறப்பென்று பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

உதிர்ந்த கோட்டைப் புதிதாய் வரைந்துவிடலாகாதா எனச் சிலர் வினவுவர். ஆகாதென்பதே என் கருத்து. வரைந்தபின் எது பழையவன் கை, எது நம் கை என்பது தெரியாது போம். முன்னோர் போட்ட ஒட்டுக்களையும் அவ்வாறே விட்டுவைத்தல் தகும்.

வங்காளத்திற் பழம் புடவைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்குக் காந்தா என்று பெயர். நம் ‘கந்தை’ அதற்கு உறவான சொல். குருசதய் தத் (1882–1941) கிராமந்தோறும் தேடிச் சேர்த்தவை கல்கத்தாவையடுத்த ஜோகாவில் உள்ளன. நம் வீட்டுப் பரணிலும் அத்தகைய போர்வை கிடைக்கலாம். கிடைத்தால் சோப்பிட்டுத் துவைத்தலும், தடியால் தட்டுதலும், வெயிலில் உலர்த்தலும் வேண்டா. மேலே வலையை விரித்து மெல்லிய தூரிகையால் தூசு நீக்கி, மடிக்காது வெள்ளைத் துணியோடு உருளையிற் சுற்றி, ஈரமும் வெளிச்சமும் படாத இடத்தில் வைத்தல் போதும். கிழிசலை அவசரப்பட்டுத் தைக்காமல், துணிப் பாதுகாப்பில் தேர்ந்தோரிடம் முதலிற் காட்டுக.

அடித்தாங்கலுக்கு வேண்டும் துணிக்குத் தேவை சொற்பமே. ஆயினும் சாயமும் கஞ்சியும் ஏறாத, சீரான மெல்லிழைத் துணி நம் தறிகளுக்கு அரியதன்று. கள்ளக்குறிச்சி வட்டாரச் சங்கங்கள் இரண்டு மீட்டர் மாதிரி நெய்து, இழை எண்ணையும் குறித்துப் பொருட்காட்சிசாலைகளுக்கு அனுப்பிப் பார்க்கலாம்.