துப்பாக்கியின் ஜாதகம்

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் வீட்டிற்கு லக்ஷ்மீகரம் உண்டாகிறது. பழைய கைத்துப்பாக்கியை அவ்விதம் தேய்த்தாலோ, அழுக்கோடு அதன் மதிப்பில் பெரும் பகுதியும் போய்விடுகிறது! பழம்பொருள் சேகரிப்போர் முதலில் கற்கும் பாடம் இது.

அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரத்துக் கோல்ட் கம்பெனியார் 1873-ஆம் வருஷத்தில் ஆறு குண்டு கொள்ளும் சுழல் துப்பாக்கி ஒன்றை வெளியிட்டார்கள். இரண்டாவது உலக யுத்த காலத்தில் உற்பத்தி நின்றதற்குள் மூன்றரை லட்சத்திற்கு மேல் செய்துவிட்டார்கள். ஆகவே அது கிடைத்தற்கரிய வஸ்துவன்று. ஆயினும், கைக்கு வந்த ஒன்று அசலா, ஒட்டுப் போட்டதா என்று அறிவது எளிதன்று.

நிபுணர் முதலில் நாடுவது எண்களை. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் உடற்பகுதி, விசைக்காப்பு, பிடியின் பின்பட்டை ஆகிய மூன்றிலும் ஒரே வரிசை எண் இருத்தல் வேண்டும். ஒன்று மாறினாலும், வேறொரு துப்பாக்கியின் அங்கம் வந்து குடிபுகுந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தபடி விளிம்புகளைப் பார்ப்பார். சாணை பிடித்தவன் கூரிய விளிம்பை மழுக்கியிருப்பான். முத்திரை எழுத்துக்கள் மங்கியிருக்கும். திருகாணித் துளையின் ஓரம் குழிந்திருக்கும். பிறகு எவ்வளவு அழகாக நீல மெருகு கொடுத்தாலும் இந்தச் சாட்சிகள் வாய் மூடுவதில்லை. தேய்மானத்திலும் ஒரு நியாயம் உண்டு. தோலுறையில் உராயும் குழல்முனை வெளுத்திருப்பது இயற்கை. கை ஓயாமல் படும் இடம் மட்டும் புத்தம் புதிதாக மின்னுமானால் சந்தேகிக்க வேண்டியதுதான். கடைசியில் கம்பெனியின் பழைய பேரேடு இருக்கிறது. எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால், அது எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது என்பதற்குச் சான்றுக் கடிதம் பெறலாம்.

இவ்வளவும் அசல் என்பதை மட்டுமே நிச்சயப்படுத்தும். மதிப்பின் கதை வேறு. 1881-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நியூ மெக்ஸிகோவில் 'பில்லி தி கிட்' என்ற பிரசித்தி பெற்ற வாலிபக் கொள்ளைக்காரனைப் பாட் காரெட் என்னும் ஷெரீப் சுட்டுக் கொன்றார். அவர் கையில் இருந்தது, முந்திய டிசம்பரில் அக்கூட்டத்தாரைச் சிறைப்படுத்தியபோது பில்லி வில்ஸன் என்பவனிடமிருந்து எடுத்துக்கொண்ட சாதாரணக் கோல்ட் துப்பாக்கி. பொன்னுமில்லை, சித்திர வேலையுமில்லை. பின்னர் அது எல் பாஸோ நகரத்து மதுக்கடைக்காரர் ஒருவர் வசம் போயிற்று. காரெட் 1908-இல் இறந்தார். கடைக்காரரும் காலமான பின்பு, காரெட்டின் விதவை அப்போலினாரியா நியாயஸ்தலம் ஏறி வழக்காடி, 1930-களில் அதை மீட்டுக்கொண்டாள்.

அந்த அம்மாள் வேண்டியது தன் கணவரின் பொருளை, விலையையன்று. ஆனால் அவ்வழக்கின் தஸ்தாவேஜுகளும், 1906-இல் காரெட் தாமே எழுதிய கடிதமும் சேர்ந்து, இதுதான் அந்தத் துப்பாக்கி என்று ஐயமற நிலைநாட்டின. 2021-இல் பான்ஹாம்ஸ் கம்பெனியார் நடத்திய ஏலத்தில் அது 60 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. அதே காலத்தில் செய்த மற்றோர் அசல் துப்பாக்கி அத்தொகையின் நிழலைக்கூட எட்டாது.

வாய்க்கதை எத்தனை ரசமாயிருந்தாலும் அனுபவமுள்ளவர் அதற்குக் காசு கொடுப்பதில்லை. எழுத்துச் சாட்சிக்கே கொடுக்கிறார். துப்பாக்கி நம் வீடுகளில் இராது. பாட்டனாரின் எழுதுகோலோ, கடிகாரமோ, பூட்டோ இருக்கும். அதைத் துடைக்குமுன், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே செய்யவேண்டிய காரியம் இது.